மே மாதத்தில் சொல்லி என்ன பயன்?

கன்னியாகுமரி மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் அறிவியல் துறைத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

ஆறாம் செமஸ்டர் பிராக்டிகல் முடிகிற சமயத்தில், ஏப்ரலிலோ மே முதல் வாரத்திலோ, நம் கல்லூரிகள் பலவற்றில் ஒரு கூட்டம் நடக்கும். ‘பட்டப்படிப்புக்குப் பின் என்ன?’ என்று பேனர் கட்டியிருக்கும். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் பேசுவார். நல்ல பேச்சுதான். ஆனால் அவர் சொல்லும் ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கான ஜாம் தேர்வு பிப்ரவரியிலேயே முடிந்திருக்கும். அதற்கு விண்ணப்பம் வாங்கி மூடியது முந்தைய அக்டோபரில். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சி.யு.இ.டி. பி.ஜி. தேர்வும் கடந்த சில ஆண்டுகளாக மார்ச் வாக்கிலேயே முடிந்துவிடுகிறது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சாப்பிட வரச் சொல்வது மாதிரிதான் இது.

அரங்கில் இருக்கும் பிள்ளைகளுக்கு அன்று மிச்சமிருப்பவை பெரும்பாலும் மூன்று: அதே கல்லூரியிலோ பக்கத்துக் கல்லூரியிலோ எம்.எஸ்சி., அடுத்து பி.எட்., அதுவும் இல்லையென்றால் நாகர்கோவிலில் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையம். இந்த மூன்றில் எதையும் நாங்கள் குறைத்துப் பேசவில்லை. வேறு கதவுகள் இருந்ததே தெரியாமல் இவற்றுக்குள் போவதைத்தான் குறை சொல்கிறோம். நம் பிள்ளைகள் மதிப்பெண்ணில் பின்தங்குவதைவிடத் தேதியில் பின்தங்குவதே அதிகம். ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும் ஜூன், ஜூலையில் சொல்ல வேண்டியதை ஆறாம் செமஸ்டர் முடிவில் சொல்கிறோம். இந்த ஒன்றை மாற்றக் கேட்டே இந்த மடல்.

முதலில் ஜாம். ஏழு தாள்கள்: இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், பூமியின் அமைப்பைப் படிக்கும் ஜியாலஜி, பொருளாதாரம். ஒருவர் ஒன்றோ இரண்டோ எழுதலாம். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். இதில் முதல் பகுதி நான்கில் ஒன்றைத் தேர்வு செய்யும் 30 கேள்விகள், 50 மதிப்பெண். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். அடுத்த பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கக்கூடிய 10 கேள்விகள், 20 மதிப்பெண். எல்லாச் சரியான விடைகளையும் குறித்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி கிடையாது. கடைசிப் பகுதியில் 20 கேள்விகளுக்கு எண்ணாகவே விடையைத் தட்டச்சு செய்ய வேண்டும், 30 மதிப்பெண். பின்னிரண்டு பகுதிகளிலும் கழித்தல் இல்லை. அதாவது பாதி மதிப்பெண்ணுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

ஆனாலும் நம் பிள்ளைகள் வழுக்குவது அந்தக் கடைசிப் பகுதியில்தான். காரணம் எளிது. செமஸ்டர் தேர்வில் ஒரு தேற்றத்தையோ வினைவழிமுறையையோ இரண்டு பக்கத்துக்கு எழுதினால் மதிப்பெண் உண்டு. அதை வைத்து ஒரு எண்ணைக் கணக்கிட்டுச் சொல்லும் பழக்கம் மூன்றாண்டில் வருவதேயில்லை. தெர்மோடைனமிக்ஸின் இரண்டாம் விதியை அச்சுப்போல எழுதும் பிள்ளை, ஒரு மோல் வாயு இரட்டிப்புப் பருமனுக்கு விரியும்போது என்ட்ரோப்பி எவ்வளவு மாறும் என்று கேட்டால் திணறும். இதற்குத் தனிப் பயிற்சி மையம் வேண்டாம். ஒவ்வொரு இன்டர்னல் தேர்விலும் ஐந்து கேள்விகளை எண் விடைக் கேள்விகளாக மாற்றினால் போதும். பழைய ஜாம் வினாத்தாள்கள் அதன் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றிலிருந்தே எடுக்கலாம்.

இன்னொரு சிக்கல் பாடவரிசை. கணிதத் தாள் ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா, குரூப் தியரி ஆகியவற்றில் நிற்கிறது. தேர்வு பிப்ரவரியில். ஆறாம் செமஸ்டரில் வைத்திருக்கும் எந்தப் பாடமும் அதற்குள் நடந்திருக்காது. பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் கையில் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் ஜாம் எழுதப்போகும் ஏழெட்டுப் பிள்ளைகளை நவம்பர் விடுமுறையில் பத்து நாள் உட்காரவைத்து அந்தப் பாடங்களின் அடிப்படையை நடத்துவது துறைத் தலைவரின் கையில்தானே இருக்கிறது?

தேர்வு எழுதியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அடுத்த பெரிய தவறு. ஜாம் தரவரிசை என்பது சேர்க்கை அல்ல. ஐ.ஐ.டி.க்களுக்குத் தனியாக ஒரு தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். என்.ஐ.டி.க்களுக்கு சி.சி.எம்.என். என்ற வேறொரு கலந்தாய்வு. அதற்கு வேறு பதிவு, வேறு கட்டணம். பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு அவர்களின் தளத்தில் தனி விண்ணப்பம். நல்ல தரவரிசை வாங்கியும் சி.சி.எம்.என். பதிவைத் தவறவிட்டால் திருச்சி என்.ஐ.டி. இடம் போய்விடும். சி.யு.இ.டி.யிலும் இதே கதைதான்: 75 கேள்விகள், சரிக்கு 4, தவறுக்கு ஒன்று கழிவு, முடிவு வந்த பிறகு திருவாரூர், புதுச்சேரி, காசர்கோடு, ஹைதராபாத் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் குறியீடு என்பதை விண்ணப்பிக்கும்போதே அந்தந்தப் பல்கலைக்கழக அட்டவணையில் பார்க்காவிட்டால், எழுதிய தாள் ஒன்றாகவும் கேட்ட படிப்பு வேறாகவும் போகும்.

இனி சான்றிதழ்கள். பார்ப்பதற்குச் சின்ன விஷயம். இடங்கள் கைநழுவுவது அதிகம் இங்கேதான்.

நம் பிள்ளைகளிடம் இருப்பது லேமினேட் செய்த மாநிலச் சாதிச் சான்று. மத்திய நிறுவனங்கள் கேட்பது மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதோர் சான்று. இரண்டும் ஒன்றல்ல. வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்; சான்று எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு அறிவிக்கையும் சொல்லும், பழைய சான்று செல்லாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகம் போய் வருவதற்கு நாட்கள் பிடிக்கும். அக்டோபர் முதல் வாரம் விண்ணப்பித்துவிட்டு இரண்டாம் வாரம் கையில் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஜூலையிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு முடிச்சும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் மாநிலப் பட்டியலில் சில சாதிகளின் பெயருக்குப் பக்கத்தில் ‘கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டை வட்டமும்’ என்று எல்லை போட்டிருக்கும். மாநிலத்தில் பி.சி. என்பதாலேயே மத்தியப் பட்டியலிலும் ஓ.பி.சி. என்று ஆகிவிடாது, அங்கே பெயர் இல்லாமலும் இருக்கலாம், வேறு எழுத்துக்கூட்டலிலும் இருக்கலாம். மத்தியப் பட்டியலில் இல்லாதவர் அங்கே பொதுப்பிரிவுதான். இதை விண்ணப்பத்துக்கு முன் பார்த்துத் தெளிந்தவருக்குப் பிரச்சினை இல்லை. சேர்க்கையின்போது சான்று நிராகரிக்கப்பட்டால் இடமே ரத்தாகும்.

அடுத்தது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றில் ஒரு எழுத்து முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், கல்லூரிப் பதிவேட்டில் இரண்டு இனிஷியல். கணினி இவை மூன்றையும் மூன்று ஆட்களாகவே பார்க்கும். பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்திக்கொள்ள முதலாண்டிலேயே சொல்லிவிட்டால் மூன்றாமாண்டில் ஓட்டம் இல்லை.

மதிப்பெண் சதவீதம் குறித்தும் தவறான நம்பிக்கை ஒன்று பரவியிருக்கிறது. ‘எனக்கு மேஜரில் 72 சதவீதம்’ என்பார்கள். மத்திய நிறுவனங்கள் பல, மொழிப்பாடம், அலைடு என்னும் துணைப்பாடம் உட்பட எல்லாப் பாடங்களையும் எல்லா ஆண்டுகளையும் சேர்த்தே கணக்கிடும். தமிழிலும் ஆங்கிலத்திலும் 45 வாங்கியவர் மொத்தத்தில் 60-க்குக் கீழே இறங்கிவிடலாம். என்.ஐ.டி. எம்.எஸ்சி.க்குப் பொது, ஓ.பி.சி. பிரிவினருக்கு 60 சதவீதம் அல்லது 6.5 சி.ஜி.பி.ஏ. வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 55 அல்லது 6.0. 59.8 என்பது 60 ஆகாது. மொழிப் பாடத்தை ‘பாஸ் ஆனால் போதும்’ என்று விடும் முதலாண்டுப் பிள்ளைக்கு இதை யாராவது அன்றே சொல்ல வேண்டும். சி.ஜி.பி.ஏ.வைச் சதவீதமாக மாற்றிக் காட்டும் சான்றும் போனஃபைடும் கேட்ட இரண்டு நாளில் கிடைக்க அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். முதல்வர் ஊரில் இல்லை என்பதால் கையெழுத்து ஒரு வாரம் நிற்கிற நிலைமை வேண்டாம்.

அரியர் பற்றி ஒரு வரி. தேர்ச்சிச் சான்றை வழக்கமாகச் செப்டம்பர் இறுதிக்குள் காட்ட வேண்டியிருக்கும். ஒரு தாளை அடுத்த நவம்பரில் எழுதித் தேறினாலும் இடம் அதற்குள் போயிருக்கும்.

முதல் செமஸ்டரிலேயே தீர்மானமாகிவிடும் விஷயங்களும் உண்டு; அலைடு பாடம் அவற்றில் தலையாயது. பல ஐ.ஐ.டி.க்களில் இயற்பியல் எம்.எஸ்சி.க்கு பட்டப்படிப்பில் குறைந்தது ஓராண்டு கணிதம் படித்திருக்க வேண்டும். உயிரித் தொழில்நுட்பத் தாளில் 12-ஆம் வகுப்பு அளவிலான கணிதம், இயற்பியல், வேதியியல் கேள்விகளும் வரும். தாவரவியல், விலங்கியல் படிப்பவர்கள் அதைப் புரட்டிப் பார்க்காமல் போய் ஏமாறுகிறார்கள். வேலைக்கும் இதே கணக்குதான். எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரிகள் தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பணிக்கு, 12-ஆம் வகுப்புக் கணிதத்தில் 60 சதவீதமோ பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாகவோ இருக்க வேண்டும். பக்கத்தில் கூடங்குளம் இருக்கிறது. அணுமின் கழகம் பயிற்சி அறிவியல் உதவியாளர்களுக்கு வெளியிடும் அறிவிக்கைகளில் பி.எஸ்சி.யில் 60 சதவீதமும் 25 வயது வரம்பும் இருக்கும். இயற்பியலை முதன்மையாகப் படித்தவர்களை எடுத்து, கணிதத்தை முதன்மையாகப் படித்தவர்களை விலக்கியே அவை வந்திருக்கின்றன. கணிதமும் இயற்பியலும் ‘ஏறக்குறைய ஒன்றுதானே’ என்று பிளஸ் டூ முடித்துவரும் பிள்ளைக்கு அட்மிஷன் மேசையில் சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆசிரியப் பணிக்கு வருவோம். குமரியில் பி.எஸ்சி. முடித்த பெண்பிள்ளைகளில் பெரும்பாலோரை வீட்டார் அனுப்ப விரும்பும் பாதை இது. பி.எட். 2015 முதல் இரண்டு ஆண்டு. பட்டதாரி ஆசிரியர் பணிக்கு பி.எஸ்சி., பி.எட்., டெட் இரண்டாம் தாள், அதற்கு மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் நியமனப் போட்டித் தேர்வு. டெட் தேர்ச்சி நியமனம் அல்ல என்பது இன்னும் பல வீடுகளுக்குத் தெரியவில்லை. டெட் இரண்டாம் தாளின் 150 கேள்விகளில் 60 கணிதமும் அறிவியலும் சேர்ந்தவை. விலங்கியல் படித்தவரும் கணிதக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும், கணிதம் படித்தவர் தவளையின் இதயத்தையும் தெரிந்திருக்க வேண்டும். முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும். இவற்றில் எதை முதலில் முடிப்பது என்று கேட்டால், படிப்பில் பிடிப்புள்ள பிள்ளைக்கு எம்.எஸ்சி.யை முதலில் என்போம். நடுவில் இரண்டாண்டு பி.எட். போய்விட்டு வந்தால் குவாண்டம் மெக்கானிக்ஸ் மறந்திருக்கும். விரிவுரையாளர், ஆராய்ச்சித் தகுதிக்கான நெட் தேர்வை எழுதும் வேகமும் குறையும். சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய். பி.எட். எங்கேயும் ஓடிப்போகாது.

ஆசிரியர் தேர்வு வாரியமும் டி.என்.பி.எஸ்.சி.யும் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் கேட்கின்றன. அதில் தவறினால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கம் ‘பகுதி-1’ மொழிப்பாடமாக மலையாளம் படித்தவர்களும், மதிப்பெண்ணுக்காக பிரெஞ்சு எடுத்தவர்களும் கல்லூரியில் இருக்கும்போதே இதற்குத் தயாராக வேண்டும். தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமையைப் பற்றியும் வதந்திகள் உலவுகின்றன. 2020-இல் வந்த திருத்தத்தின்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பள்ளி முழுதும் தமிழ் வழி, பி.எஸ்சி. மட்டும் ஆங்கில வழி என்றால் பட்டம் கேட்கும் பணிக்கு அது உதவாது.

இனி உங்களிடம் சற்றே உரிமையோடு பேச வேண்டிய இடம். புதுப் பெயரில் படிப்பு தொடங்குவது இப்போது எல்லா ஊரிலும் வழக்கமாகிவிட்டது. ‘அப்ளைடு’, ‘இண்டஸ்ட்ரியல்’, ‘டேட்டா சயின்ஸ்’ என்று ஒட்டுச் சேர்த்தால் அட்மிஷன் நிரம்பும். ஆனால் அரசுப் பணியில் அந்தப் பட்டம் இயற்பியலுக்கோ வேதியியலுக்கோ கணிதத்துக்கோ இணை என்று அரசாணை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வில் தேறிய பிறகு சான்று சரிபார்ப்பில் பெயர் நீக்கப்படும். பிள்ளை அதைத் தெரிந்துகொள்வது படித்து முடித்து ஐந்தாறு ஆண்டு கழித்து. படிப்பு தொடங்கும் முன்பே பல்கலைக்கழகத்திடமும் உயர்கல்வித் துறையிடமும் இணைத்தன்மையை எழுத்தில் வாங்குங்கள். வாங்கவில்லையென்றால் விண்ணப்பப் படிவத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். அட்மிஷன் நாலு குறைந்தாலும் பரவாயில்லை.

துறைவாரியாகச் சொல்ல நிறைய உண்டு. அதிகம் பேசப்படாதவற்றை மட்டும் தொடுகிறோம்.

மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதும் அதனால் இந்தக் கடற்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல் என்பதும் நம் ஊரில் சிறுவருக்கும் தெரியும். கதிர்வீச்சை அளந்து நோயாளிக்கு அளவாகக் கொடுப்பதே ஒரு தொழில் என்பது இயற்பியல் மாணவர்களுக்கே தெரிவதில்லை. புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் பிசிசிஸ்ட் தேவை. பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பின் மெடிக்கல் பிசிக்ஸில் எம்.எஸ்சி. படிக்கலாம், அல்லது எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ரேடியாலஜிக்கல் பிசிக்ஸ் டிப்ளமா. முதல் வழியில் போகிறவர் படிப்புக்குப் பின் ஓராண்டு மருத்துவமனை இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். அந்தப் படிப்பு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தகுதி வரையறைக்குள் வருகிறதா என்று கட்டணம் கட்டும் முன் பார்க்க வேண்டும். வராவிட்டால் கையில் பட்டம் மட்டும் இருக்கும், வேலைக்குத் தகுதி இருக்காது.

வேதியியல், நுண்ணுயிரியல் பிள்ளைகளுக்கு: உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு 2011 விதிகளின்படி உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் ஆகியவற்றில் பட்டம் போதும். வேதியியல் என்றால் முதுகலை வேண்டும். இந்த வேறுபாடு ஒன்றே சிலருக்கு அடுத்த படியைத் தீர்மானித்துவிடும். தனியார் ஆய்வகங்களில் நேர்முகத்தில் கேட்பது, கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி பற்றி. அதை இயக்கியிருக்கிறாயா, மொபைல் பேஸ் எப்படித் தயாரிப்பாய், காலிபரேஷன் வளைகோடு நேராக வராவிட்டால் எங்கே பார்ப்பாய் என்பார்கள். கருவி இல்லாத கல்லூரி, கருவி உள்ள இடத்துக்கு ஒரு வாரம் அனுப்பலாம். நம் மாவட்டத்தின் ரப்பர் பால் ஆலைகளையும் மறக்க வேண்டாம். 60 சதவீதம் உலர் ரப்பர் உள்ள சென்ட்ரிஃபியூஜ்டு லேட்டக்ஸுக்கு டி.ஆர்.சி. (உலர் ரப்பர் அளவு), அமோனியா அளவு, வி.எஃப்.ஏ. எண் (ஆவியாகும் கொழுப்பு அமிலங்களின் அளவு), இயந்திர நிலைப்பு நேரம் என்று நாள்தோறும் சோதனை உண்டு, எல்லாம் பி.எஸ்சி. வேதியியல் கைகளுக்கு ஏற்ற வேலை. வி.எஃப்.ஏ. எண் ஏறினால் பால் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பின்னாலிருப்பது பாக்டீரியா. வேதியியல் துறையும் நுண்ணுயிரியல் துறையும் சேர்ந்து ஒரு புராஜெக்ட் போட இதைவிட நல்ல பொருள் வேண்டுமா?

விலங்கியல், தாவரவியல் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது, கிடைக்காததைத்தான். எம்.எஃப்.எஸ்சி. மீன்வளப் படிப்புக்கு மீன்வள இளநிலைப் பட்டமான பி.எஃப்.எஸ்சி. கேட்பார்கள், எம்.எஸ்சி. அக்ரிக்குப் பொதுவாக வேளாண் பட்டம் கேட்பார்கள். கடலோரத்துப் பிள்ளை விலங்கியல் படித்துவிட்டு மீன்வளத்துக்கு மாறலாம் என்று நினைத்திருந்தால் திருத்திவிடுங்கள். மாற்று வழி கடல் உயிரியல்: பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மையம், கொச்சியில் குசாட் (கொச்சி அறிவியல், தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்), குஃபோஸ் (கேரள மீன்வள, கடல்சார் பல்கலைக்கழகம்). மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல்சார் மையம் நம் ராஜாக்கமங்கலத்திலேயே இருக்கிறது. இந்திய வனப் பணித் தேர்வுக்குத் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், ஜியாலஜி என எதுவும் போதும், வயது 21 முதல் 32. முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ். தேர்வோடு பொதுவானது. ஐ.ஏ.எஸ். என்றால் அரங்கம் நிறைகிறது, வனப் பணி என்றால் யாரும் காது கொடுப்பதில்லை. மாவட்டத்தில் இவ்வளவு காட்டை வைத்துக்கொண்டு!

கணிதம் படிப்பவர்களுக்கு சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனமும் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் தனித்தனித் தேர்வு வைக்கின்றன; இரண்டும் மே வாக்கில். அவற்றில் விரிவாக நிறுவி எழுதும் கேள்விகளும் வரும். எம்.சி.ஏ. போக விரும்புவோர் தமிழக நுழைவுத் தேர்வான டான்செட்டோடு நின்றுவிடுகிறார்கள், என்.ஐ.டி.க்களுக்கு நிம்செட் என்று தனித் தேர்வு உண்டு, அதில் கணிதமே பெரும்பங்கு. 12-ஆம் வகுப்பில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரி பி.இ. இரண்டாமாண்டில் நேரடியாகச் சேர முடியும் என்பதும் பலருக்குத் தெரியாது. காப்புரிமை முகவர் தேர்வுக்கு 21 வயதும் அறிவியல் பட்டமும் போதும், சட்டப் படிப்பு வேண்டியதில்லை. ஐ.டி. நிறுவனங்கள் சில பி.எஸ்சி. பிள்ளைகளை எடுத்து வேலையோடு மேற்படிப்பும் தருகின்றன. நல்லதுதான், ஆனால் ஒப்பந்தம் ஐந்தாண்டு வரை போகும், இடையில் விட்டால் பணம் கட்ட வேண்டும். கேம்பஸ் நாளில் அந்தத் தாளைப் படித்துக் காட்ட ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும்.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாக. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் இந்திய மாணவருக்கு, கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏ.பி.எஸ். சான்று கட்டாயம், மாதாமாதம் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவாக 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ காட்ட வேண்டும், மூன்றாண்டு பி.எஸ்சி.யை எல்லா இடமும் ஏற்பதில்லை. கட்டணம் இல்லை என்ற ஒன்றை மட்டும் சொல்லிப் பணம் வாங்கும் ஏஜென்ட்டுகள் மாவட்டத்துக்குள் வந்து போகிறார்கள்; கல்லூரி அரங்கை அவர்களுக்கு வாடகைக்கு விடாதீர்கள்.

எல்லைக்கு அப்பால் இருப்பதை நாம் பயன்படுத்துவதே இல்லை. விதுராவில் ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம், பாப்பனங்கோட்டில் சி.எஸ்.ஐ.ஆர்.-இன் என்.ஐ.ஐ.எஸ்.டி. ஆய்வகம், திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம். நாகர்கோவிலிலிருந்து பாப்பனங்கோடு சென்னையைவிட மதுரையைவிடப் பக்கம். இரண்டாமாண்டு மாணவர்களை ஒரு நாள் பஸ்ஸில் அழைத்துப் போய் ஆய்வகங்களைக் காட்ட ஆகும் செலவு ஊட்டி டூருக்கு ஆவதில் கால்வாசிகூட இராது. அறிவியல் அகாடமிகள் நடத்தும் எட்டு வாரக் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு இரண்டாமாண்டு பி.எஸ்சி. மாணவரே விண்ணப்பிக்கலாம், ஆண்டின் கடைசி மாதங்களில் விண்ணப்பம் வரும். கேட்பது மதிப்பெண்ணும், ஆர்வத்தை விளக்கும் ஒரு பத்தியும், ஆசிரியரின் பரிந்துரையும். அந்தப் பரிந்துரையை மூன்று வரியில் ‘நல்ல ஒழுக்கமுள்ள மாணவி’ என்று எழுதி அனுப்பினால் வேலைக்கு ஆகாது. எந்தச் சோதனையை எப்படிச் செய்தாள், தவறு வந்தபோது என்ன செய்தாள் என்று எழுத வேண்டும். கணித மாணவர்களுக்கு 1993 முதல் நடக்கும் எம்.டி.டி.எஸ். கோடை முகாம் உண்டு, இயற்பியலுக்கு இயற்பியல் ஆசிரியர் சங்கம் ஜனவரியில் நடத்தும் என்.ஜி.பி.இ. தேர்வு. என்.ஜி.பி.இ. எழுத வைத்தால் ஜாமுக்கு அதுவே ஒத்திகை.

எனவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். கூட்டத்தை ஏப்ரலிலிருந்து ஜூலைக்கு மாற்றுங்கள். மூன்றாமாண்டோடு இரண்டாமாண்டையும் உட்காரவையுங்கள். பெற்றோரையும் அழையுங்கள், ஏனென்றால் ‘கேரளத்துக்குப் போக வேண்டாம், வடக்கே அனுப்ப மாட்டோம்’ என்ற பேச்சு வீட்டில்தான் எழுகிறது. துறைக்கு ஒரு ஆசிரியரை இதற்கென்று குறித்து, வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவர் டைம்டேபிளில் ஒதுக்குங்கள். கூடுதல் பொறுப்பாகத் தலையில் கட்டினால் அது பேப்பரில் மட்டும் நடக்கும். ஆறாம் செமஸ்டர் இன்டர்னலையும் மாடல் பிராக்டிகலையும் ஜாம், சி.யு.இ.டி. தேதிகளைப் பார்த்துவிட்டு வையுங்கள். கணினி ஆய்வகத்தைச் செப்டம்பரில் மாலை ஐந்தரை வரை திறந்துவையுங்கள். செல்போனில் விண்ணப்பித்துப் புகைப்பட அளவு தப்பி, பணம் கழிந்து, உறுதித்தாள் வராமல் தவிக்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

ஜூலைக் கூட்டத்துக்கு எங்களில் இருவர் மூவர் எந்தக் கல்லூரிக்கும் வரத் தயார். பொன்னாடையும் வண்டிச் செலவும் வேண்டாம். ஒரு புரொஜெக்டர், இணைய இணைப்பு, பத்தாம் வகுப்புச் சான்றும் ஆதாரும் கையில் கொண்டுவந்த மாணவர்கள் இருந்தால் போதும். ஓ.பி.சி. சான்றுக்கான விண்ணப்பத்தை அன்றே அங்கேயே போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்